வெள்ளம் எட்டாத இடத்தில் ஒரு படி

(தாம்பரம் பகுதி ஆசிரியர்களிடையே குறுவள மையக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பள்ளிக் கணினியில் இருப்பதைப் பத்திரமாக வைக்க எந்த ஹார்ட் டிஸ்க் வாங்கலாம், ஒரு டெராபைட்டா இரண்டா என்று நம்மில் பலர் கேட்கிறோம். நல்ல கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: அந்த டிரைவ் இரவில் எங்கே தங்கப் போகிறது? முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் பெருங்களத்தூரிலும் பணிபுரிகிறவர்களுக்கு நான் ஏன் இதைக் கேட்கிறேன் என்று விளக்க வேண்டியதில்லை.

2015 டிசம்பர் 1 காலை முதல் 2 காலை வரை, 24 மணி நேரத்தில், தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. அந்த ஏரியைத் திறந்ததால்தான் எல்லாமே மூழ்கியது என்று இன்றும் பேசிக்கொள்கிறோம். முடிச்சூரைப் பொறுத்தவரை அது சரியில்லை. செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அடையாற்றில் சேர்வது திருநீர்மலைப் பக்கம். முடிச்சூர் அதற்கும் மேலே இருக்கிறது. முடிச்சூருக்குள் வந்தது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த தண்ணீர். யாரும் ஷட்டரைத் திறக்காவிட்டாலும் அந்தத் தண்ணீர் வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும் வந்தது.

2015 வெள்ளத்துக்குப் பிறகு, சான்றிதழ்களை இழந்தவர்களுக்காக அரசு சிறப்பு முகாம்கள் நடத்தியது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழை ஒரு பிள்ளை இழந்திருந்தால் மாற்றுச் சான்றிதழ் அச்சிட்டுத் தர முடிந்தது. எப்படி முடிந்தது? அந்த மதிப்பெண்கள் அரசுத் தேர்வுகள் இயக்ககத்தில் வேறு இடத்தில் இருந்தன. பிள்ளையின் வீட்டுக்குள் வந்த தண்ணீர் அங்கே போகவில்லை. பேக்கப் என்று நாம் சொல்வதன் முழுப் பொருளும் இதுதான். நான் இனி அதைக் காப்புப் படி என்று சொல்கிறேன்.

இப்போது நம் அலுவலக பீரோவுக்கு வருவோம். சேர்க்கை நீக்கப் பதிவேடு எத்தனை இடத்தில் இருக்கிறது? இன்று படிக்கும் பிள்ளையின் விவரம் எமிஸ் தளத்தில் இருக்கிறது. அதைப் பற்றிக் கவலையில்லை. 1974-இல் மூன்றாம் வகுப்போடு நின்றுபோன ஒரு பெண்ணின் விவரம் எமிஸில் இல்லை. இன்று அவர் முதியோர் ஓய்வூதியத்துக்கோ, பாஸ்போர்ட்டுக்கோ, பிறந்த தேதிக்குச் சான்று கேட்டு நம் வாசலில் நிற்கிறார். பிறப்புச் சான்றிதழ் இல்லாத தலைமுறை அது. அவர் எப்போது பிறந்தார் என்று இந்த நாட்டில் எழுதி வைத்திருக்கும் ஒரே தாள் நம் பீரோவின் கீழ்த் தட்டில் இருக்கக்கூடும். கீழ்த் தட்டு என்று சொல்லக் காரணம் உண்டு. கனமான பழைய பதிவேடுகளைத் தூக்கி மேலே வைக்க யாருக்கும் மனம் வருவதில்லை. தண்ணீர் முதலில் வருவதும் அங்கேதான்.

ஆகவே ஒரு பள்ளி இந்த வேலையைத் தொடங்கும்போது ஆண்டுவிழா வீடியோவில் தொடங்க வேண்டாம். சேர்க்கைப் பதிவேட்டில் தொடங்குங்கள். ஸ்கேனர் இல்லையே என்று காத்திருக்கவும் வேண்டாம். ஜன்னலோர வெளிச்சத்தில், பதிவேட்டைச் சமமாக விரித்து, கைபேசியில் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்தால் போதும். ஒரு படம் 3 முதல் 5 எம்.பி. வரும். இருநூறு பக்கப் பதிவேடுகள் இருபது என்று வைத்துக்கொண்டாலும் 4,000 பக்கங்கள், 20 ஜி.பி.க்குள் அடங்கிவிடும். ஐம்பது ஆண்டு காலப் பள்ளி வரலாறு ஒரு சாதாரண பென் டிரைவுக்குள் முடிந்துவிடுகிறது. டிரைவில் இடத்தை அடைப்பவை வீடியோக்கள்தான். எனவே எத்தனை டெராபைட் என்ற கவலையை இங்கேயே விட்டுவிடலாம். 500 ஜி.பி. அல்லது ஒரு டெராபைட், எந்தத் தொடக்கப் பள்ளிக்கும் தாராளம். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிக்கும் போதும். ஒரு டெராபைட் வாங்கிக் கணினியில் மாட்டினால் 931 ஜி.பி. என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். தயாரிப்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது, அவ்வளவுதான்.

இனி இடம். பள்ளிக்கு வெளியே ஒரு படி வைக்க வேண்டும் என்றால், முடிச்சூர்ப் பள்ளியின் டிரைவை வரதராஜபுரத்தில் இருக்கும் ஆசிரியர் வீட்டில் வைப்பதா? இரண்டும் ஒரே ஆற்றின் கரை. ஊர்ப் பெயர் வேறு, தண்ணீர் ஒன்று. நம் பகுதியின் நில அமைப்பை ஒருமுறை மனதில் கொண்டு வாருங்கள். ஜி.எஸ்.டி. சாலைக்கும் ரயில் பாதைக்கும் மேற்கே விழும் மழை பெரும்பாலும் அடையாற்றை நோக்கிப் போகிறது. கிழக்கே சேலையூர், இராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை நோக்கிப் போகிறது. ஆகவே மேற்குத் தாம்பரத்துப் பள்ளி, கிழக்கே ஒரு பள்ளியோடு சேர்ந்துகொள்ளலாம். உங்கள் டிரைவ் அவர்கள் பீரோவில், அவர்கள் டிரைவ் உங்கள் பீரோவில். இரண்டும் முதல் மாடியில், மேல் தட்டில். 2015 போலப் பெய்தால் இரு பக்கமும் தண்ணீர் நிற்கும், உண்மை. ஆனால் இரு பக்கமும் முதல் மாடியின் மேல் தட்டு வரை நிற்காது. இந்த ஏற்பாட்டுக்குச் செலவு எதுவுமில்லை. ஆசிரியர் வீட்டைவிடப் பள்ளிப் பீரோ நல்லது என்பதும் என் கருத்து. அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

தூரமும் அளவோடு இருக்க வேண்டும். 1878-இல் தொடங்கிய ‘தி இந்து’ நாளிதழ், 2015 டிசம்பர் 2 அன்று சென்னையில் அச்சாகவில்லை. அதன் அச்சகம் மறைமலை நகரில் இருந்தது; பணியாளர்களால் அங்கே போய்ச் சேர முடியவில்லை என்பதே காரணம். வேலை நடக்க வேண்டிய இடத்துக்குப் போக வழியில்லாமல் போனது. நம் காப்புப் படி அன்றாடம் தேவைப்படுவதில்லை, ஒரு வாரம் பொறுக்கலாம். ஆனாலும் மாதம் ஒருமுறை போய் வர முடியாத தூரத்தில் வைத்தால், இரண்டாம் மாதத்திலேயே அந்தப் பழக்கம் நின்றுவிடும். ஒரு பேருந்து, அரை மணி நேரப் பயணம் என்பது சரியான தூரம்.

தங்கும் இடம் முடிவானால், எந்த டிரைவ் என்பது பாதி முடிவான மாதிரிதான். கடையில் இரண்டு வகை காட்டுவார்கள். ஹார்ட் டிஸ்க்கினுள் தட்டு சுழல்கிறது, அதன்மேல் ஒரு சிறு முள் தொடாமல் மிதந்து படிக்கிறது. விலை குறைவு, கொள்ளளவு அதிகம். ஓடிக்கொண்டிருக்கும்போது மேசையிலிருந்து மொசைக் தரையில் விழுந்தால் பெரும்பாலும் அதோடு சரி. எஸ்.எஸ்.டி.யில் ஓடுகிற பாகம் எதுவுமில்லை. ஸ்கூட்டர் டிக்கியில் வேளச்சேரி சாலைக் குழிகளைத் தாண்டி வந்தாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் அதற்கும் ஒரு குறை உண்டு. அது தகவலை மின்னூட்டமாகத் தேக்கி வைக்கிறது. மின்சாரமே காட்டாமல் ஆண்டுக் கணக்கில் பீரோவில் போட்டுவைத்தால் அந்த மின்னூட்டம் மெல்லக் கசியும். சூடான அறையில் இன்னும் வேகமாக. பழுதாகும்போது முன்னறிவிப்பும் கொடுக்காது. ஹார்ட் டிஸ்க்காவது சில சமயம் கடகடவென்று சத்தம் போட்டு எச்சரிக்கும்.

என் யோசனை இதுதான்: பயணம் செய்யும் டிரைவ் எஸ்.எஸ்.டி.யாக இருக்கட்டும், பள்ளியிலேயே தங்கும் டிரைவ் ஹார்ட் டிஸ்க்காக இருக்கட்டும். வாரம் ஒருமுறை பள்ளி ஹார்ட் டிஸ்க்கில் படி எடுங்கள். மாதம் ஒருமுறை வெளியூர் எஸ்.எஸ்.டி. வரும், படி எடுத்துக்கொண்டு அன்று மாலையே திரும்பிவிடும். மாதா மாதம் மாட்டுவதால் மின்னூட்டம் கசியும் கவலையும் தீர்ந்தது. அந்த ஒரு பகலில் மட்டும் எல்லாப் படிகளும் ஒரே கட்டடத்தில் இருக்கும். அது உறுத்தினால் எஸ்.எஸ்.டி. இரண்டு வாங்கி மாற்றி மாற்றி அனுப்பலாம். பீட்டர் குரோக் என்ற புகைப்படக் கலைஞர் பரப்பிய ஒரு கணக்கு உலகம் முழுக்கப் புழங்குகிறது: மூன்று படிகள், இரண்டு வகைக் கருவிகள், ஒன்று வெளி இடத்தில். கணினியில் இருப்பது ஒன்று, ஹார்ட் டிஸ்க் இரண்டு, எஸ்.எஸ்.டி. மூன்று. நம் கணக்கும் அதேதான்.

எந்த நிறுவனம் என்று கேட்பீர்கள். உலகில் இன்று ஹார்ட் டிஸ்க் தட்டுகளை வைத்து டிரைவ் தயாரிப்பவை மூன்றே நிறுவனங்கள்: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. வேறு பெயர் ஒட்டியிருந்தாலும் உள்ளே இருப்பது இவற்றில் ஒன்றுதான். இவற்றுக்குள் எது உயர்ந்தது என்ற விவாதத்தில் நேரம் செலவிடாதீர்கள். இரண்டு டிரைவ் வாங்கினால் இரண்டும் ஒரே கம்பெனியின் ஒரே மாடலாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே மாடலில் தயாரிப்புக் குறை இருந்தால் இரண்டும் ஒரே பருவத்தில் கைவிட வாய்ப்பு உண்டு. மூன்றாண்டு வாரண்டியைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். வாரண்டியில் புது டிரைவ் கிடைக்கும். உள்ளே இருந்த பதிவேடு கிடைக்காது.

பெட்டியின் மேல் தண்ணீர் புகாது என்று ஐ.பி. 67 போல ஓர் எண் இருக்கும். ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்பதே அதன் பொருள். முடிச்சூரில் தண்ணீர் அரை மணி நேரத்தில் வடிந்ததா? அந்த எண்ணுக்காகக் கூடுதல் பணம் தருவதைவிட, பிசின் பட்டை வைத்த பிளாஸ்டிக் உறையில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு, எவர்சில்வர் டப்பாவில் வைத்து மேல் தட்டில் ஏற்றுவது மேல். நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்கும் அதுவே மருந்து. ஒருவேளை டிரைவ் நனைந்துவிட்டால், காய்ந்ததா என்று பார்க்க மின்சாரம் கொடுக்காதீர்கள். அரிசியில் புதைப்பதும் வேண்டாம். அப்படியே தகவல் மீட்பு நிபுணரிடம் கொடுங்கள். மீட்பதற்கான வாய்ப்பு மின்சாரம் கொடுக்காதவரைதான்.

ரிச்சி தெருவிலோ இணையத்திலோ நம்ப முடியாத விலைக்கு இரண்டு டெராபைட் எஸ்.எஸ்.டி. என்று வந்தால் நம்பாதீர்கள். உள்ளே 32 ஜி.பி. சில்லை வைத்து, கணினிக்கு இரண்டு டெராபைட் என்று பொய் சொல்லும்படி செய்திருப்பார்கள். நகல் எடுத்தபோது எல்லாம் போனது போலவே தெரியும். திறக்கும்போதுதான் வெறுமை தெரியும். ரசீதோடு வாங்குங்கள். வாங்கிய அன்றே டிரைவ் நிறையும் அளவுக்குப் பெரிய கோப்புகளை ஏற்றி, திரும்ப அவற்றைத் திறந்து பாருங்கள். இதைச் சோதிக்க இலவச நிரல்களும் உண்டு. பள்ளியின் கணினி பயிற்றுநருக்குத் தெரிந்திருக்கும். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் படிக்க எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்துகொள்ளுங்கள். பழைய ஃபேட் 32 முறையில் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட கோப்பு ஏறாது.

டிரைவை எப்போதும் கணினியில் மாட்டியே வைத்திருக்கும் பழக்கம் பல அலுவலகங்களில் பார்க்கிறேன். வசதிதான், ஆனால் அது காப்புப் படியே அல்ல. ரான்சம்வேர் என்ற, பணம் பறிக்கும் நிரல் கணினிக்குள் நுழைந்தால் மாட்டியிருக்கும் எல்லா டிரைவையும் சேர்த்துப் பூட்டிவிடும். 2017 மே மாதம் வான்னாக்ரை உலகம் முழுக்கப் பரவியது நினைவிருக்கும். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் இப்படித் தாக்கப்பட்டு, நாள் கணக்கில் நோயாளிப் பதிவு கையால் நடந்தது. எய்ம்ஸுக்கே அந்த நிலை என்றால், மாணவர் பென் டிரைவெல்லாம் செருகப்படும் நம் கணினியை நினைத்துப் பாருங்கள். படி எடுத்ததும் கழற்றுங்கள். கழற்றும் முன் கணினியிடம் சொல்லிவிட்டுக் கழற்றுங்கள், வெடுக்கென்று பிடுங்க வேண்டாம். பழைய படியை அழித்து அதன்மேல் புதியதை எழுதாமல், மாதத்துக்கொரு கோப்புறை வையுங்கள். இன்று கெட்டுப்போன கோப்பை நாளை நல்ல கோப்பின்மேல் நாமே எழுதிவிடாமல் இருக்க அதுதான் வழி.

கூகுள் டிரைவில் போட்டால் போதாதா என்று இளைய ஆசிரியர்கள் கேட்கிறார்கள். கூடுதலாக ஒரு படி அங்கே இருப்பதில் தவறில்லை, 15 ஜி.பி. இலவசமும்கூட. ஆனால் யாருடைய கணக்கில்? ஓர் ஆசிரியரின் சொந்தக் கணக்கில் என்றால், கலந்தாய்வில் அவர் திருவண்ணாமலைக்கு மாறுதல் வாங்கிப் போகும்போது பள்ளியின் பதிவேடும் கூடவே போகிறது. ஆசிரியர் வீட்டைவிடப் பள்ளிப் பீரோ நல்லது என்று முன்பு சொன்னதற்கும் இதுவே காரணம். நம் துறையில் ஆள் மாறிக்கொண்டே இருப்பார், பீரோ இருக்கும்.

டிரைவில் இருப்பது நம்முடைய தகவல் அல்ல, பிள்ளைகளுடையது. ஆதார் எண், சாதி, முகவரி, தாயின் கைபேசி எண், சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளின் மருத்துவச் சான்று. 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயது நிரம்பாதவர்களின் தரவுக்குத் தனிக் கவனம் கேட்கிறது. சட்டம் கேட்காவிட்டாலும், மின்சார ரயிலில் நம் பை தொலைந்தால் ஒரு பெண் குழந்தையின் முகவரி யார் கைக்குப் போகும் என்று யோசித்தால் போதும். பயணம் செய்யும் டிரைவைக் கட்டாயம் கடவுச்சொல்லால் பூட்டுங்கள். விண்டோஸ் புரோ பதிப்பில் பிட்லாக்கர் உள்ளேயே இருக்கிறது. மற்றவற்றுக்கு வெராகிரிப்ட் என்ற இலவச நிரல் உண்டு. கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, உறையில் இட்டு, அரக்கு வைத்துத் தலைமையாசிரியர் பொறுப்பில் வைக்க வேண்டும். டிரைவ் இருக்கும் பீரோவில் அல்ல. வெள்ளத்துக்கு அந்த உறையும் தப்ப வேண்டும் என்பதால், இன்னொரு உறை வேறிடத்தில் இருக்கட்டும். பொறுப்பு ஒப்படைக்கும் நாளில் சாவிக்கொத்தோடு உறையும் கைமாறி, புதியவர் அதில் கையொப்பமிட வேண்டும். மறந்துபோன கடவுச்சொல் வெள்ளத்துக்குக் குறைந்ததல்ல. பூட்டிய டிரைவை நம்மாலும் திறக்க முடியாது.

டிரைவை இருப்புப் பதிவேட்டில் ஏற்றுங்கள். வெளியே போகும்போதும் வரும்போதும் தேதியோடு ஒரு வரி எழுதுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பெற்றோருக்குத் தெரிந்து நடப்பது நல்லது.

ஓலைச்சுவடிக் காலத்தில் ஏடு செல்லரிக்கும் முன்பே பெயர்த்து எழுதினார்கள். அப்படி எழுதப்பட்ட நூல்களே நம்மிடம் வந்து சேர்ந்தன. தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டையூர்க்காரர் ஒருவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களை நுண்படச் சுருள்களில் படியெடுத்துக் காத்துவருகிறது. அரை மணி நேரப் பயணத்தில் போய்ப் பார்க்கலாம். மாணவர்களையும் அழைத்துப் போகலாம். நம் டிரைவுக்கும் ஆயுள் உண்டு. ஐந்தாண்டில் ஒருமுறை, நன்றாக இருக்கும்போதே, புதியதற்குப் பெயர்த்துவிடுங்கள்.

பருவத்துக்கொருமுறை காப்புப் படியைச் சோதிக்க வேண்டும். டிரைவை வேறொரு கணினியில் மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு பத்துக் கோப்புகளைத் திறந்து பாருங்கள். 1983 சேர்க்கைப் பதிவேட்டின் 46-ஆம் பக்கத்தை ஐந்து நிமிடத்துக்குள் எடுத்துத் தர முடிகிறதா? கோப்புக்கு ஆண்டும் பக்க எண்ணும் பெயராக வைத்திருந்தால்தான் முடியும். கைபேசி வைத்த பெயரிலேயே நாலாயிரம் படங்கள் கிடந்தால் அந்தப் பெண்மணி வாசலில் நின்றுகொண்டேதான் இருப்பார்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். பதிவேடுகளைப் படமெடுக்கும் வேலையைக் காலாண்டுத் தேர்வுக்கு முன்பே முடித்துவிட்டால், செப்டம்பர் கடைசியில் முதல் டிரைவ் சாலையின் மறுபக்கம் போய்விடலாம். எந்தப் பள்ளி எந்தப் பள்ளியோடு சேர்கிறது என்பதை இன்று கலைந்து போவதற்கு முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள். மேற்கே இருந்து வந்தவர்கள் கிழக்கே இருந்து வந்தவர்களின் பக்கத்தில் போய் உட்காரலாம், தேநீர் வந்துகொண்டிருக்கிறது.